இடமறிந்து எழுதுதல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சரித்திரமும் இலக்கியமும் கல்வெட்டும் ஆராய விரும்புவோர் கணிப்பொறியின் துணைகொண்டு தேசப்படம் வரையக் கற்றுக்கொள்ளுதல் எவ்வாறு, அதனால் விளையும் பயன் யாது என்பன பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். யாம் அத்துறையிற் பண்டிதர் அல்லேம். நமது வாசகசாலையின் பின்கட்டில் இரண்டு ஆண்டுகளாக ஐவர் கூடி, பழங் கணிப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு பயின்றோம். பயின்றதும், பயிலும்போது தவறியதும், தவறியதற்கு நாணியதுமே எமது கைம்முதல். அம்முதலைக்கொண்டே இன்று பேசத் துணிந்தோம். குற்றங் கண்டவிடத்துப் பெரியோர் பொறுத்தருள்க.

நம்மவர் சரித்திரம் கூறுங்கால் ‘யார்’, ‘எப்பொழுது’ என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை தேடுவதிற் காட்டும் ஊக்கத்தை ‘எங்கே’ என்னும் மூன்றாம் வினாவிற் காட்டுவதில்லை. ஓர் அரசன் பட்டமேறிய ஆண்டு ஒன்று முன்பின்னாகப் பிசகிவிட்டால் புலவர்கள் பத்திரிகைகளில் வாதிடுவர். அவன் தானஞ்செய்த ஊர் முப்பது மைல் தள்ளிக் குறிக்கப்பட்டாலோ கேட்பார் இல்லை. ஊரென்பது வெறும் பெயரன்று. அதற்கு ஆறு உண்டு, வழி உண்டு, அண்டை ஊர் உண்டு. அவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தானம் எதற்காகச் செய்யப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்பன புலப்படும்.

இனி, நாம் பேசப்புகுந்த கருவியின் இயல்பு யாதெனிற் கூறுவோம். அட்டவணை ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு செய்தி. அச்செய்திக்குரிய இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இரண்டு எண்களாக அவ்வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். கணிப்பொறி அவ்வெண்களைக்கொண்டு ஒவ்வொரு வரியையும் பூமியின்மீது ஒரு புள்ளியாக நிறுத்தும். ஆறு, சாலை முதலியவை கோடுகளாகவும், வயல், ஏரி, நாட்டெல்லை முதலியவை மூடிய வடிவங்களாகவும் அமையும். இவை ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித் தகட்டில் வரைந்ததுபோல் தனித்தனியே இருக்கும். வேண்டிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கலாம், வேண்டாததை எடுத்துவிடலாம். அடுக்கியபின் ‘இவ்வாற்றிலிருந்து ஒரு மைலுக்குள் உள்ள கோயில்கள் எத்தனை?’ என்று வினவினால் கருவி எண்ணிச் சொல்லும். காகிதப் படத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

1960-களில் கனடா தேசத்தின் நிலவளத்தைக் கணக்கெடுக்கும் பொருட்டு ரோஜர் டாம்லின்சன் என்பார் இம்முறையைக் கணிப்பொறியில் முதன்முதல் அமைத்தார். அந்நாளில் அரசாங்கங்களுக்கன்றி மற்றவர்க்கு எட்டாத அவ்வசதி இன்று நம் வாசகசாலைக்கும் எட்டியுள்ளது. 2002-ஆம் ஆண்டில் கேரி ஷெர்மன் என்பார் தொடங்கிய கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பார் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப்படத்தில் உலகெங்குமுள்ள தொண்டர்கள் தத்தம் தெருக்களையும் குளங்களையும் குறித்து வருகின்றனர். நம் நாட்டிலும் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட விதிகளால், இந்தியர் தேசப்படம் ஆக்குவதற்கு முன்னனுமதி பெறவேண்டியிருந்த நிலை பெரும்பாலும் நீங்கிற்று. ஆதலின், கருவி கிடைக்கவில்லை என்று நாம் இனிக் கூறுவதற்கில்லை.

படம் வரைவதனால் அறிவு எங்ஙனம் பிறக்கும் என்பதற்குக் கணிப்பொறி தோன்றுவதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டுவோம். 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவி 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினால் அந்நோய் வருவதென்று பெரும்பாலான வைத்தியர்கள் நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் தண்ணீரை ஐயுற்றார். இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்திற் குறித்தார். குறிகள் பிராட் தெருவிலிருந்த ஒரு நீரிறைக்கும் குழாயைச் சூழ்ந்து நெருங்கி நின்றன.

அன்பர்களே, இக்கதையை இம்மட்டோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் உண்மையான பாடம் இதற்கு அப்பால் உள்ளது. குழாயின் அருகிலேயே ஓர் ஏழையர் விடுதி இருந்தது. அங்கே மாண்டோர் மிகச் சிலர். ஓர் மதுச்சாலை இருந்தது. அதன் வேலையாட்கள் மாளவில்லை. வெகு தொலைவில் ஹாம்ஸ்டெட் என்னும் இடத்தில் ஒரு விதவையார் மாண்டார். இவை படத்திற்கு முரணாகத் தோன்றின. ஸ்னோ நேரிற் சென்று விசாரித்தார். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. மதுச்சாலை ஆட்கள் தண்ணீரைத் தொடாது பீர் அருந்தினர். அவ்விதவையாரோ பிராட் தெருத் தண்ணீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வருவித்துக் குடித்தவர். முரணாகத் தோன்றிய மூன்றும் கொள்கைக்குச் சாட்சியாயின. பின்னர் ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் பாதிரியார், ஸ்னோ கூறியது தவறென்று காட்டும் நோக்கத்தோடு வீடு வீடாக விசாரித்து, இறுதியில் அவர் கூறியதே சரியென்று கண்டு அவருக்குத் துணையானார். புள்ளி வினாவை எழுப்பும். விடையை ஆளிடத்தும் ஆவணத்திடத்துமே பெறவேண்டும் என்பதை இவ்விருவரும் நமக்குக் கற்பிக்கின்றனர்.

நிற்க. நம் நாட்டுச் சரித்திரத்திற்கு வருவோம். சோழர் கல்வெட்டுக்களில் நாடு, கூற்றம், வளநாடு என்னும் பிரிவுகள் பயில வருகின்றன. அவை எங்கெங்கே இருந்தன என்பதை அறிய, பேராசிரியர் எ. சுப்பராயலு அவர்கள் கல்வெட்டுக்களிற் கண்ட ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, இக்காலத்து ஊர்களோடு பொருத்தி, படத்திற் குறித்து, 1973-ஆம் ஆண்டில் சோழநாட்டு அரசியற் பூகோளம் பற்றிய ஆங்கில நூலாக வெளியிட்டார்கள். அக்காலத்தில் இவ்வேலை முழுதும் கண்ணாலும் கையாலும் செய்யப்பட்டது. 1978-ஆம் ஆண்டில், ஜப்பானியப் பேராசிரியர்களான நொபொரு கராஷிமா, மட்சுயி ஆகிய இருவரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுக்களில் வரும் பெயர்களுக்குக் கணிப்பொறியின் உதவியால் ஓர் அகராதியையும் அவர்கள் வெளியிட்டார்கள்.

இவ்வுழைப்பினால் விளைந்த பயனைக் கேளுங்கள். ஊர்களைப் புள்ளிகளாக நிறுத்திப் பார்த்தபோது நாடுகள் ஒரே அளவினவாக இல்லை என்பது தெரிந்தது. பல இடங்களில் ஆறு நாட்டின் எல்லையாக நில்லாமல் அதன் ஊடே ஓடிற்று. வளநாடுகளின் நிலையோ வேறு. முதலாம் இராசராசன் வகுத்த வளநாடுகளுக்குப் பெரும்பாலும் ஆறுகளே எல்லை. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்டது. இதன் பொருள் என்னை? நாடு என்பது ஒரே நீரை இருகரையிலும் பாய்ச்சி உழுது வாழ்ந்த ஊர்களின் கூட்டம். உழவர் தம் வாழ்க்கையால் தானாக அமைந்தது. வளநாடு என்பது அரசன் தன் ஆட்சிக்கு எளிதாக ஆற்றைக் கோடாகக்கொண்டு வகுத்தது. உழவனுக்கு ஆறு நடுவிடம். அரசனுக்கு அதுவே எல்லை. கல்வெட்டு வாசகங்களை ஆயிரம் முறை படித்தாலும் தனித்தனியே படித்தவருக்கு இது தோன்றியிராது. எல்லாவற்றையும் ஒரே நிலத்தில் நிறுத்தியபின்னரே தோன்றிற்று.

பயில்வோர் எடுத்துக்கொள்ளத்தக்க மற்றொரு கல்வெட்டையும் கூறுவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றிய செய்தி அக்கோயிற் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாந் தொகுதியில் அது பதிப்பிக்கப்பெற்றுள்ளது. ஒவ்வொரு பெண்ணின் பெயரும், அவர் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், தஞ்சையில் எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவருக்கு அளிக்கப்பட்டது என்பதும் அதில் உள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். திருவாரூர், திருவையாறு, பழையாறு, நாகப்பட்டினம், திருவிடைமருதூர் எனப் பல ஊர்களின் பெயர்கள் வருகின்றன. யாரோ ஓர் எழுத்தர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நமக்காகவே அட்டவணை எழுதி வைத்ததுபோல் இருக்கிறதல்லவா?

அவ்வட்டவணையைக் கணிப்பொறியில் ஏற்றும்போது, தஞ்சைக்கு எத்திசையிலிருந்து எத்தனை பேர் வந்தனர், ஓரூரார் தஞ்சையிலும் அடுத்தடுத்த வீடுகளில் வைக்கப்பட்டனரா, பிரித்து வைக்கப்பட்டனரா என்னும் வினாக்கள் தாமே எழும். தாய்வீட்டுக் கோயிலைவிட்டு அரசன் ஆணையால் வந்த ஒரு பெண்ணுக்கு அண்டை வீட்டிலாவது தன்னூர்க்காரி இருந்தாளா என்று கேட்பது அற்ப விஷயமன்று. மன்னனின் வெற்றிகளைப் பேசும் மெய்க்கீர்த்தி அதனைச் சொல்லாது. வீட்டெண்ணும் ஊர்ப்பெயரும் சொல்லக்கூடும்.

இனி, பயிலும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலிற் செய்யவேண்டியது படம் அன்று, அட்டவணை. ஆவணத்தில் உள்ள ஊர்ப்பெயர் எழுத்துப் பிசகாமல் ஒரு பத்தியில் இருத்தல் வேண்டும். இக்காலப் பெயர் வேறொரு பத்தியில் இருத்தல் வேண்டும். கல்வெட்டுப் பழையாற்றை நாம் இன்று பழையாறை என்கின்றோம். முன்னதைத் திருத்திப் பின்னதாக எழுதிவிட்டால் மூலம் அழிந்துபோம். அட்சரேகைக்கு ஒரு பத்தி, தீர்க்கரேகைக்கு ஒரு பத்தி, செய்தி எங்கிருந்து பெறப்பட்டது என்பதற்கு ஒரு பத்தி. இவற்றை யூனிக்கோடு எழுத்தில் தட்டச்சிட்டு, சி.எஸ்.வி. என்னும் எளிய கோப்பாகச் சேமித்தல் நன்று. சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 என்னும் குறிமுறையைத் தெரிந்தெடுக்க மறந்தால் தமிழெழுத்துக்கள் யாவும் கேள்விக்குறிகளாய் மாறி நிற்கும். யாம் ஒரு மாத உழைப்பை அவ்வாறு இழந்து மீண்டும் தட்டச்சிட்டோம்.

மற்றொரு தவறு நகைப்புக்கு இடமானது. நாம் பேச்சில் அட்சரேகையை முன்னும் தீர்க்கரேகையைப் பின்னும் சொல்லுகின்றோம். கருவியோ கிடையளவை முதலிற் கேட்கும், அது தீர்க்கரேகை. யாம் பழக்கத்தால் மாற்றிக் கொடுத்துவிட்டோம். தஞ்சை ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சமும் 79.1 பாகை கீழ்த் தீர்க்கமும் உடையது. மாற்றியதனால் சோழநாட்டு ஊர்கள் அனைத்தும் வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்கரையோரம் போய் விழுந்தன. அங்கே நி-ஓலசுண்ட் என்னும் இடத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் இருப்பதாகப் பின்னர்ப் படித்து, நம் ஊர்களுக்குப் பனிக்கடலிலும் இந்தியத் துணை கிடைத்ததென்று சிரித்துக்கொண்டோம். இத்தகைய பெருந்தவறு கண்ணுக்குத் தெரியும்; ஆதலால் அஞ்சவேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறுதவறே அஞ்சத்தக்கது.

பழைய தேசப்படங்களைப் பயன்படுத்தும்போது அவ்வகைத் தவறு நேரும். பழம் படத்தை நிழற்படமாக்கி, அதிலுள்ள சில இடங்களை இன்றைய படத்தில் அதே இடங்களோடு பிணைத்தால், கருவி அதனை இழுத்தும் திருப்பியும் பூமியிற் பொருத்தும். பிணைக்கும் இடங்கள் பெயராதனவாய் இருத்தல் வேண்டும். கோயிற் கோபுரம் நன்று. ஆற்றின் வளைவு ஆகாது, ஆறு இடம் மாறும். நான்கு மூலைகளிலும் நடுவிலுமாகப் பத்து இடங்களேனும் கொள்ளுதல் நலம். எவ்வளவு பொருந்தாமல் நின்றது என்பதைக் கருவி எண்ணாற் காட்டும். அவ்வெண்ணை மறைக்காது குறித்து வைக்கவேண்டும்.

கோபுரத்தைச் சொன்னதனால் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறையாளர் இந்தியாவின் பெருந்திரிகோண நில அளவையைத் தொடங்கினார். அவருடைய கோணமானி அரை டன் எடையுள்ளது. தஞ்சைச் சமவெளியில் மலையில்லாமையால் 1808-ஆம் ஆண்டில் அதனைப் பெரிய கோயிலின்மீது கயிறுகட்டி ஏற்றினர். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் அதனைப் பிரித்து, தம் கையாலேயே பல வாரம் உழைத்துச் செப்பனிட்டு, மேலும் அளக்கப் புறப்பட்டார். அவருக்குப் பின்வந்த எவரெஸ்ட் என்பார் கணித்த பூமியின் வடிவத்தை அடிப்படையாகக்கொண்டே நம் பழைய நில அளவைப் படங்கள் வரையப்பட்டன. இன்றைய செயற்கைக்கோட் கருவிகள் கொள்ளும் வடிவம் வேறு. இவ்வேற்றுமையைக் கருவிக்குச் சொல்லாது விட்டால், நம் பக்கத்தில் ஓர் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். மாவட்டப் படத்தில் அது தெரியாது. கிணறு தேடுபவனுக்கோ அது வேறொருவர் கொல்லையாகும்.

இதுகாறும் கருவியின் பிழைகளைச் சொன்னோம். இனி, எம்முடைய பிழையைச் சொல்லவேண்டும். அதனைச் சொல்லாமல் இம்மேடையிலிருந்து இறங்க எமக்கு மனமில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்கள் தத்தம் பெட்டிகளில் வைத்திருந்த பழைய தர்மசாசனங்களை வாங்கி, முன்னோர் நிறுவிய தண்ணீர்ப்பந்தல், குளம், சத்திரம் ஆகியவற்றைக் குறித்து ஒரு படம் ஆக்கினோம். அவற்றுள் ஒன்று மூதாட்டியார் ஒருவரின் பாட்டனார் வெட்டிய குளத்தைப் பற்றியது. சாசனத்தில் ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தது. தாலுகாவின் பெயர் காகிதத்தின் மடிப்பில் மறைந்துபோயிருந்தது. நம் நாட்டில் நல்லூரும் புத்தூரும் எத்தனை என்று எண்ணி முடியாது. ஆலங்குடி என்று புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓரூர் உண்டு, திருவாரூர் மாவட்டத்திலும் ஓரூர் உண்டு. இதனை அறிந்திருந்தும், பெயரைக் கணிப்பொறியில் இட்டவுடன் அது காட்டிய ஊரையே கொண்டோம். புள்ளி வைத்தோம். வர்ணத்தில் அச்சிட்டுச் சங்க மண்டபத்தின் சுவரில் மாட்டினோம். அனைவரும் பாராட்டினர்.

அவ்வம்மையார் அப்படத்தைக் கண்டார். எண்பது வயதைக் கடந்தவர். தம் மருமகளோடு வாடகை வண்டி பிடித்து அவ்வூருக்குச் சென்றார். அங்கே ஒரு குளம் இருந்தது. அதன் படித்துறையில் விளக்கேற்றி வைத்து, தூர்வாருவதற்கென்று தம் சேமிப்பிலிருந்து பணமும் கொடுத்துத் திரும்பினார். நான்கு மாதங்களுக்குப் பின் எம்முள் இளையவன் ஒருவன் அச்சாசனத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, மடிப்பில் இரண்டு எழுத்துக்களைக் கண்டான். அவை வேறொரு தாலுகாவின் பெயருக்கே பொருந்தின. அதே பெயருள்ள ஊர் அங்கும் இருந்தது. சென்று பார்த்தோம். சாசனம் சொன்னபடி பிடாரி கோயிலும், அதற்குக் கிழக்கே குளமும், பாதி புதைந்த படிக்கல்லும் இருந்தன.

அம்மையாரிடம் போய்ச் சொல்லவேண்டிய நாளில் எங்கள் ஐவருக்கும் வாயெழவில்லை. இரண்டாம் முறை பிரயாணம் செய்ய அவர் உடல்நிலை இடங்கொடாதிருந்தது. கொண்டுபோயிருந்த நிழற்படத்தை நெடுநேரம் பார்த்திருந்து அவர் சொன்னது இது: “தம்பிகளா, யாரோ வெட்டின குளத்தைத் தூர்வார நான் கொடுத்தது வீண்போகாது; மாடு கன்றாவது தண்ணீர் குடிக்கும். ஆனால் உங்களுக்குச் சந்தேகம் இருந்ததென்றால் அதையும் அந்தப் படத்திலே எழுதியிருக்கலாமே! நான் இரண்டு ஊருக்கும் போயிருப்பேனே!”

பெரியோர்களே, இத்துறையைப் பற்றி எத்தனையோ பாடங்களைக் கேட்டோம்; அம்மையார் சொன்ன அவ்வொரு வாக்கியத்துக்கு இணையானதை வேறெங்கும் கேட்டிலேம். எழுத்தில் ‘இவ்வூராக இருக்கலாம்’ என்று எழுத இடமுண்டு. புள்ளிக்கு ‘லாம்’ என்னும் விகுதி கிடையாது. வைத்தால் வைத்ததுதான். பார்ப்பவர் அதனை முடிந்த உண்மையாகவே கொள்வர். ஆதலால், ஐயத்தைக் காட்டும் பொறுப்பு படம் வரைபவனையே சார்ந்தது.

கிரேக்க, ரோமானியப் பழமையை ஆராய்வோர் ‘பிளியடீஸ்’ என்னும் பெயரால் பண்டை இடங்களின் பெரிய அட்டவணை ஒன்றை நடத்தி வருகின்றனர். அதில் ஒரு பழம்பெயரை ஓர் இடத்தோடு இணைக்கும்போது, அவ்விணைப்பு உறுதியானதா, உறுதி குறைந்ததா, ஐயத்துக்குரியதா என்பதையும் குறிக்கின்றனர். அன்றுமுதல் யாமும் எமது அட்டவணையில் ஆறாவதாக ஒரு பத்தி சேர்த்தோம். அதற்கு ‘ஐயம்’ என்று பெயர். உறுதியானவற்றுக்கு நிறைந்த புள்ளி. ஐயமுள்ளவற்றுக்கு உள்ளீடற்ற வட்டம். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பின் இரண்டிலும் வட்டம். இடமே தெரியாதவற்றுக்குப் படத்தின் ஓரத்தில் பெயர் வரிசை. முன்னிருந்த படத்தில் 43 புள்ளிகள் இருந்தன. இப்பொழுது மண்டபத்தில் தொங்கும் படத்தில் நிறைந்த புள்ளிகள் 26 மட்டுமே. அழகு குறைந்துவிட்டதென்று சிலர் சொன்னார்கள். உண்மை கூடிற்று.

இன்னும் ஒரு விஷயம் உண்டு. சங்கத்தின் அங்கத்தினர் அனைவருடைய வீடுகளையும் ஊர்வாரியாகக் குறித்து ஒரு படம் ஆக்கித் தருமாறு சில அன்பர்கள் எம்மைக் கேட்டனர். அவர்கள் நல்லெண்ணத்தோடு கேட்டனர் என்பதில் ஐயமில்லை. யாம் மறுத்தோம். அதன் காரணத்தை இச்சபையிற் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

1941-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜெர்மானியர் வசப்பட்டிருந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், நகராட்சியின் அதிகாரிகள் ஒரு படம் ஆக்கினர். அதில் ஒவ்வொரு புள்ளியும் பத்து யூதரைக் குறிக்கும். நகரத்தின் குடிக்கணக்கு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தமையால் படமும் பிழையின்றி அமைந்தது. அடுத்த ஆண்டு முதல் யூதர்கள் கூட்டங் கூட்டமாக முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நெதர்லாந்து தேசத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்னோவின் படத்திலும் மனிதரே புள்ளிகளாயினர். ஆம்ஸ்டர்டாம் படத்திலும் மனிதரே புள்ளிகளாயினர். முன்னது உயிர்காக்க எழுந்தது. பின்னது கொலைஞர் கையிற் கொடுக்கப்பட்டது. கருவி இரண்டிலும் ஒன்றே. இன்னார் இன்ன தெருவில் வாழ்கின்றனர் என்று வகுப்புப் பெயரிட்டு எழுதிய படம் நம் கையில் இருக்கும்வரை நன்மையாகத் தோன்றும். நாளை எவர் கைக்குப் போகும் என்பதை நம்மில் எவர் அறிவார்? நம் வகுப்பாருக்கு நேரக்கூடிய தீங்கை நினைத்தேனும், பிறர் வகுப்பாரைப் பற்றி அவ்வாறு செய்யாதிருத்தலும் நம் கடமையென்று உணர்தல் வேண்டும். ஆதலால், வாழ்வோரின் வீடுகளை யாம் குறிப்பதில்லை. முன்னோரின் தர்மங்களை மட்டுமே குறிக்கின்றோம்.

முடிவாக, இளைஞர்களிடமும் குடும்பத்துப் பெரியோர்களிடமும் சில விண்ணப்பங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் உள்ள சாசனம், கலியாணப் பத்திரிகை, கடிதம் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். மூலத்தை எங்களிடம் தரவேண்டுவதில்லை. உங்கள் எதிரிலேயே நிழற்படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். தாய்மார்கள் தாம் பிறந்த ஊரின் குளம், வாய்க்கால், மேடு, தோப்பு ஆகியவற்றுக்கு ஊரார் வழங்கும் பெயர்களைச் சொல்லியருள வேண்டும். அரசாங்கப் படங்களில் இல்லாத அப்பெயர்கள், பழஞ் சாசனத்தில் எல்லை சொல்லும் வரிகளுக்குத் திறவுகோலாகும். மணமாகி வேறூர் வந்தமையால், ஒருவருக்கே இரண்டு ஊர்களின் நினைவு உண்டு. அந்நினைவு எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கின்றது.

இளைஞர்களே, இக்கருவியைக் கற்க ஆங்கிலப் பெரும் புலமையோ விலையுயர்ந்த கணிப்பொறியோ வேண்டுவதில்லை. ஒரு கல்வெட்டை, அல்லது உங்கள் வீட்டுச் சாசனம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் இடங்கள் பத்தாயினும் போதும். அட்டவணையாக்கி, படத்தில் நிறுத்தி, பின் அவ்விடங்களுக்கு நேரிற் சென்று பாருங்கள். ஆயிரம் புள்ளிகளை நாற்காலியில் அமர்ந்து வைப்பதினும், பத்துப் புள்ளிகளை நடந்துபோய்ச் சரிபார்ப்பது மேல். தெரிந்ததைத் தெரிந்ததென்றும் தெரியாததைத் தெரியாததென்றும் எழுதப் பழகுங்கள்.

அவ்வம்மையார் சென்ற ஆண்டு காலமானார். அவர்களுடைய பாட்டனார் வெட்டிய குளத்தைத் தூர்வாருவதற்கு இவ்வாண்டு வேனிலில் நம் வாசகசாலை இளைஞர்கள் புறப்பட இருக்கின்றனர். உடன்வர விரும்புவோர் காரியதரிசி அவர்களிடம் பெயர் கொடுக்கலாம். இம்முறை ஊர் எதுவென்பதில் ஐயமில்லை.